பஜ்ஜி சுட்ட எண்ணெய்க்கு சர்டிபிகேட்டா? சுங்குவார்சத்திரம் டீக்கடை முதல் விமானம் வரை.. சிக்கல் எங்கே?

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம். சுங்குவார்சத்திரத்தில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்திலும், வாலாஜாபாத் பக்கம் திரும்பும் சாலையிலும் டீக்கடைகளில் பஜ்ஜி, போண்டா சுடச்சுட போய்க்கொண்டிருக்கும். ராத்திரி கடை சாத்தும்போது சட்டியில் கருத்துப்போன எண்ணெய் மிச்சம் இருக்கும்.

அந்த எண்ணெய் எங்கே போகுது?

மூன்று வழி இருக்கு. மறுநாள் அதே சட்டி. இல்லையென்றால் சாக்கடை. அதுவும் இல்லையென்றால் கேனில் வாங்கிப் போகிறவர். இந்த மூன்றாவது வழி ஒழுங்காக நடந்தால் அந்த எண்ணெய் பயோடீசல் ஆகலாம், விமான எரிபொருளாகக்கூட மாறலாம். ஆனால் நல்ல விலைக்குப் போக ஒரு காகிதம் வேண்டும். அதுதான் ‘சஸ்டெய்னபிலிட்டி சர்டிபிகேட்’ எனப்படும் நிலைத்தன்மைச் சான்றிதழ்.

அது என்ன சான்றிதழ்?

பலர் இதைத் தரச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எரிபொருள் நன்றாக எரியுமா என்பதை இது சொல்லாது. அது எங்கிருந்து வந்தது, யார் கை மாறியது, அதற்காகக் காடு அழிக்கப்பட்டதா, மொத்தத்தில் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் சொல்லும். சுருக்கமா சொன்னா, இது எண்ணெயோட ஜாதகம்.

ஐரோப்பிய யூனியன் விதிகளின்படி, 2021-க்குப் பிறகு உற்பத்தியைத் தொடங்கிய ஆலையின் போக்குவரத்து உயிரி எரிபொருள், பெட்ரோல் - டீசலை விடக் குறைந்தது 65% கார்பன் உமிழ்வைக் குறைத்துக் காட்ட வேண்டும். பயிரிலிருந்து எடுத்த எரிபொருள் என்றால், 2008 ஜனவரிக்குப் பிறகு காட்டை அழித்து உருவாக்கிய நிலத்தில் விளைந்ததாக இருக்கக்கூடாது.

பழைய சமையல் எண்ணெய்க்கு இங்கே ஒரு சலுகை. அது கழிவு என்பதால், கடையில் சேகரிக்கும் இடம் வரை கார்பன் கணக்கு பூஜ்யம். லாரியில் ஏற்றியதில் இருந்துதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

யார் தருகிறார்கள்?

ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்து இயங்கும் ஐ.எஸ்.சி.சி. என்ற அமைப்பின் திட்டம் உலக அளவில் அதிகம் பயன்படுகிறது. ஜெனீவாவின் ஆர்.எஸ்.பி., மரத்துண்டு - பெல்லட் வகைகளுக்கான எஸ்.பி.பி. போன்றவையும் உண்டு. இவர்கள் விதி வகுப்பவர்கள். நேரில் வந்து சோதிப்பது தனியார் தணிக்கை நிறுவனங்கள்.

தணிக்கையாளர் முக்கியமாகப் பார்ப்பது வரவு செலவு. ஒரு சேகரிப்பு மையத்துக்குள் 100 டன் வந்ததாக ரசீது இருக்கிறது, வெளியே 110 டன் போயிருக்கிறது என்றால், அந்தப் பத்து டன் எங்கிருந்து முளைத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் சான்றிதழ் சிக்கலாகிவிடும். ஐ.எஸ்.சி.சி. சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். வருஷா வருஷம் தணிக்கை உண்டு.

பழைய எண்ணெய்க்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

காசுதான் காரணம். கழிவு எண்ணெயில் செய்த எரிபொருளைப் பசுமை இலக்குக் கணக்கில் இரண்டு மடங்காகக் காட்டிக்கொள்ள ஐரோப்பிய விதிகள் இடம் கொடுத்தன. அதனால் சந்தையில் சில நேரம் புதிய பாமாயிலை விடப் பழைய எண்ணெய்க்கு விலை கூடிவிடுகிறது.

புதுசை விடப் பழசுக்கு விலை அதிகம் என்றால் என்ன ஆகும்? புது எண்ணெயையே ‘பழையது’ என்று எழுதி விற்கும் ஆசை வரும். சீனாவில் இருந்து ஐரோப்பாவுக்கு வந்த பயோடீசல் மீது 2023-ல் இப்படியொரு சந்தேகம் பெரிதாகக் கிளம்பியது. தணிக்கை இறுகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் என்ன நிலை?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் ‘ரூகோ’ திட்டத்தைத் தொடங்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துபவர்கள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டும்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச் முதல் அமலில் இருக்கிறது.

அடுத்த பெரிய நகர்வு 2025 ஆகஸ்ட்டில். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு நிலையம், பழைய சமையல் எண்ணெயில் இருந்து விமான எரிபொருள் தயாரிக்க ஐ.எஸ்.சி.சி. கோர்சியா சான்றிதழ் பெற்றது. நாட்டிலேயே முதல் நிறுவனம் இதுதான். ஆண்டுக்கு 35,000 டன் என்பது திட்டம். சர்வதேச விமானங்களில் 2027-ல் 1%, 2028-ல் 2%, 2030-ல் 5% பசுமை எரிபொருள் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது.

ஆக, எண்ணெய்க்குத் தேவை கூடப் போகிறது. கேள்வி, யார் எண்ணெய்க்கு?

சுங்குவார்சத்திரத்தில் சிக்கல் எங்கே?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி கார், டயர், செல்போன் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போனது. அதைச் சுற்றி கேன்டீன், ஹாஸ்டல், மெஸ் என்று ஒரு பெரிய சமையல் உலகமே இருக்கு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

இந்தப் பெரிய சமையற்கூடங்களுக்கு வழி எளிது. ஒரே இடத்தில் நிறைய எண்ணெய் கிடைக்கும், பதிவேடு இருக்கும், சேகரிப்பாளரே வண்டி அனுப்புவார்.

டீக்கடைக்கு அப்படி இல்லை. நாளைக்கு 50 லிட்டர் என்ற வரம்புக்குக் கீழே இருப்பதால் கணக்கு எழுதும் கட்டாயம் அவருக்கு இல்லை. தினம் மிஞ்சும் ஒரு லிட்டர், ரெண்டு லிட்டருக்காக அங்கீகாரம் பெற்ற வண்டி அவ்வளவு தூரம் வருமா? வராது. வருகிறவர் ரசீது கொடுக்காமல் ரொக்கம் கொடுப்பவராக இருந்தால், அந்த எண்ணெய் பயோடீசல் ஆலைக்குப் போகுதா, வேறொரு கடைச் சட்டிக்குப் போகுதா என்று யாருக்கும் தெரியாது. ஷிப்ட் முடிந்து பசியோடு வரும் தொழிலாளிதான் அதைச் சாப்பிடுகிறார்.

பிரிக்கெட் தயாரிப்பவர்களுக்கும் இது வருமா?

வரும். பாய்லரில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதில் மரத்தூள், கடலைத் தோல், சவுக்கு, சீமைக் கருவேலம் போன்றவற்றில் செய்த பிரிக்கெட் எரிப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல. ஆனால் ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்திருக்கிறது. இரும்பு, அலுமினியப் பொருட்களோடு இரும்பு போல்ட், நட்டும் அதில் அடக்கம். இவற்றைத் தயாரிப்பவர் ‘நான் பயோமாஸ்தான் எரிக்கிறேன், உமிழ்வு பூஜ்யம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பயோமாஸ் நிலைத்தன்மை விதிகளுக்கு உட்பட்டது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அதன் கார்பனும் கணக்கில் ஏறும். அதாவது போல்ட் கம்பெனியின் கேள்வி, ஒரு நாள் பிரிக்கெட் மில்லின் வாசலுக்கு வந்து நிற்கும்.

சின்னவர்கள் என்ன செய்யலாம்?

தனியாக ஒரு டீக்கடை சான்றிதழ் வாங்கத் தேவையே இல்லை. சான்றிதழ் எடுப்பது சேகரிப்பு மையம். கடைக்காரர் தருவது ‘இது என் கடையில் மிஞ்சிய எண்ணெய்தான்’ என்ற ஒரு சுய உறுதிமொழி, அவ்வளவுதான். அதனால் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் கேன் வைத்துக் கொடுக்கலாம். யாருக்குக் கொடுத்தாலும் தேதி, அளவு போட்ட ரசீது கேட்டு வாங்கலாம். பிரிக்கெட் மில்காரர்கள் மரத்தூள் வந்த மரக்கடை, கடலைத் தோல் வந்த ஆலை என்று இன்றே லோடு வாரியாக எழுதி வைக்கலாம். தணிக்கையாளர் வரும் நாளில் பழைய கணக்கை உருவாக்க முடியாது.

சேகரிப்பாளர் பக்கம் பதிவுக் கட்டணம், டன்னுக்கு இவ்வளவு என்ற கட்டணம், தணிக்கைச் செலவு எல்லாம் இருக்கு. அதைத் தாண்டி வரும் கூடுதல் விலையில் ஒரு பங்காவது கடைக்காரர் கைக்கு வரணும். வராவிட்டால் ரொக்கம் கொடுப்பவரிடம்தான் கேன் போகும்; அதில் அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

சான்றிதழில் கடைசியாகக் கையெழுத்துப் போடுபவர் தணிக்கையாளர். முதல் கையெழுத்து கடைக்காரருடையது. அந்த முதல் கையெழுத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.