வானொலி உரிமம்: நேயரின் குரலுக்கும் இடம் வேண்டும்

கடந்த 2025 மார்ச் தொடக்கத்தில், எரா வானொலியின் அறிவிப்பாளர்கள் மூவர் காவடியாட்டத்தைக் கேலி செய்யும் காணொளி சமூக ஊடகங்களில் பரவியது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்தியோடு நாம் எழுப்பும் 'வேல் வேல்' முழக்கம் சிலருக்குச் சிரிப்பாகிவிட்டதே என்று மனம் கொதித்தது. "அந்த வானொலியின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், எராவை நடத்தும் மேஸ்திரா புரோட்காஸ்ட் நிறுவனத்தின் உரிமத்தை இடைநிறுத்தும் எண்ணத்தை அறிவித்தது. பின்னர் அந்த முடிவைக் கைவிட்டு, 250,000 வெள்ளி அபராதம் விதித்தது. "இவ்வளவுதானா?" என்று அன்று கேட்டேன். இப்போது யோசித்தால், அபராதமே சரியான முடிவு என்று தோன்றுகிறது.

முதல் காரணம், உரிமம் நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது; தனி அறிவிப்பாளருக்கு அல்ல. மேஸ்திராவின் கீழ் எராவுடன் சினார், மெலடி ஆகிய நிலையங்களும் இயங்குகின்றன. உரிமம் முடங்கினால், மெலடியைக் கேட்கும் சீன நேயர்களும் தண்டிக்கப்படுவார்கள். இதையே நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். நாடு முழுவதும் கேட்கும் தமிழ் வானொலி என்றால் மின்னல், ராகா என விரல்விட்டு எண்ணிவிடலாம். யாரோ சிலர் செய்த தவற்றுக்காக அவற்றில் ஒன்று வாயடைக்கப்பட்டால், அதையே துணையாகக் கொண்ட நம் வீட்டுப் பாட்டிகளின் பொழுது என்ன ஆகும்?

இரண்டாவது, அபராதம் ஒன்றும் சிறியதல்ல. 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின் கீழ் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் முன்பு 50,000 வெள்ளியாக இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு அது 500,000 வெள்ளி. அத்திருத்தம் நடப்புக்கு வந்ததும் 2025 பிப்ரவரி 11, தைப்பூசத்தன்றுதான். பழைய சட்டமே இருந்திருந்தால் இவ்வளவு பெரிய தொகைக்கு இடமே இருந்திருக்காது.

ஆனால், அபராதத்தோடு கதை முடிந்துவிடக் கூடாது. தவறு நடந்து, காணொளி பரவி, நாடே கொந்தளித்த பிறகுதான் உரிமத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். உரிமமோ காலவரையறை உடையது. முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். நிபந்தனைகளை மீறியவருக்குப் புதுப்பிப்பை மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஒரு நிலையம் இத்தனை ஆண்டுகள் எப்படி நடந்துகொண்டது என்று நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் அதுவே.

அமெரிக்காவில் வானொலி உரிமம் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது, தாங்கள் விண்ணப்பித்திருப்பதை நிலையங்கள் நேயர்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு கொடுக்கலாம். தங்கள் வட்டாரப் பிரச்சினைகளைப் பற்றி என்னென்ன நிகழ்ச்சிகள் படைத்தோம் என்ற பட்டியலை நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நம் நாட்டில் அப்படி ஓர் அறிவிப்பை எந்த வானொலியிலும் நான் இதுவரை கேட்டதில்லை.

பல இன மக்கள் வாழும் நம் நாட்டுக்குத்தான் இந்த முறை அதிகம் தேவை. உரிமம் புதுப்பிக்கப்படும் ஆண்டில், அந்த நிலையத்தின் மீது வந்த புகார்கள் என்ன, அவற்றுக்கு என்ன தீர்வு கிடைத்தது, பணியாளர்களுக்குப் பிற சமயங்களைப் பற்றி என்ன பயிற்சி தரப்பட்டது என்பவற்றை வெளியிடச் சொல்லலாம். நேயர் கருத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கலாம். இன்று அறிவிப்பாளர்கள் ஒலிவாங்கியில் பேசுவதோடு டிக்டாக்கிலும் நிலையத்தின் முகமாக இருக்கிறார்கள். ஆகவே நிலையத்தின் சமூக ஊடகப் பக்கங்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. வானொலியில் கேட்ட ஒன்று புண்படுத்தினால், மலேசியத் தொடர்பு பல்லூடக உள்ளடக்க மன்றத்திடம் யாரும் புகார் அளிக்கலாம். நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர் ஆகியவற்றைக் குறித்து அனுப்பும் ஒரு புகார், நூறு வாட்ஸ்அப் பகிர்வுகளைவிடப் பயனுள்ளது. அன்று குடும்பக் குழுவில் கோபமாக எழுதிய நான், அப்படி ஒரு புகாரை எழுதவில்லை. அடுத்த முறை எழுதுவேன்.