பூச்சி மருந்து தொடாத புழு

மூன்று மாதத்திற்கு ஒருமுறை "பூச்சி மருந்து" கொடுத்துவிட்டால் நாயை எந்தப் புழுவும் அண்டாது என்ற நம்பிக்கை, நாய் வளர்ப்போரிடம் பரவலாக வேரூன்றியுள்ளது. இதயப்புழுவைப் பொறுத்தவரை இந்நம்பிக்கைக்கு எவ்வித அடிப்படையும் இல்லை.

பூச்சி என்றதும் வயிற்றை மட்டுமே எண்ணும் பழக்கத்திலிருந்துதான் இப்பிழை பிறக்கிறது. டைரோஃபைலேரியா இம்மிட்டிஸ் எனப்படும் இதயப்புழு குடலில் குடியேறுவதே இல்லை. கொசு கடிக்கும்போது தோலில் இறங்கும் இளம்புழு, கடிவாய் வழியே உள்ளே நுழைந்து, திசுக்களுக்குள் வாரக்கணக்கில் வளர்ந்து, நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளை அடைந்து, ஆறேழு மாதங்களில் முதிர்ச்சி பெறுகிறது; முதிர்ந்த பெண்புழு ஒரு சாணுக்கும் மேல் நீளமுடையது. அது இரத்தத்தில் விடும் மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்குஞ்சுகள் மற்றொரு கொசுவின் உடலுக்குள் சென்று வளர்ந்த பின்னரே வேறொரு நாயைத் தொற்ற இயலும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் இவ்வினத்திற்கு உறவானதே. அது கொசுவுக்குள் வளர்வதைச் சீனாவின் அமோய் நகரில் 1877-இல் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். யானைக்காலுக்குப் பேதி மருந்து போதும் என்று இன்று எவரும் வாதிடுவதில்லை. நாய்க்கு மட்டும் அந்த வாதம் செல்லுபடியாகிறது.

வழக்கமான பூச்சி மாத்திரையிலுள்ள பைரான்டெல் இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலந்து குடலிலேயே வேலை செய்கிறது. பிராசிகுவான்டெல் நாடாப்புழுக்களுக்கு உரியது. இதயப்புழுவின் இளநிலைகளைக் கொல்பவை ஐவர்மெக்டின், மில்பெமைசின் போன்ற வேறொரு வகை மருந்துகள். மாதந்தோறும் கொடுக்கப்படும் அம்மருந்து, வரும் மாதத்திற்கான கவசம் அன்று. கடந்த மாதத்தில் உடலேறிய இளம்புழுக்களை அழிப்பதே அதன் பணி. இரண்டு மூன்று மாதங்கள் விட்டுப்போனால், இடையில் வளர்ந்துவிட்ட புழுக்கள் அம்மருந்தின் பிடியிலிருந்து நழுவிவிடக்கூடும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவதோ இதனினும் கொடிது. கோலி போன்ற இனங்களில், மரபணுக் குறைபாடுடைய நாய்களுக்கு அளவு மீறிய ஐவர்மெக்டின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

இதயப்புழு எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் இல்லை என்பது உண்மையே. இந்தியாவில் அது வடகிழக்கு மாநிலங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது; தெற்கில், குறிப்பாகக் கேரளத்தில், தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ் என்ற உறவினப் புழுவே பெரிதும் பதிவாகியுள்ளது. ஆனால் நாய்கள் ஊர்விட்டு ஊர் விற்கப்படும் காலத்தில், வீட்டுக்குள் வளரும் நாயையும் கொசு தேடி வரும் நிலையில், எந்த நாய்க்கு எந்த மருந்து என்பதை இரத்தப் பரிசோதனையின் துணையோடு கால்நடை மருத்துவர் தீர்மானிப்பதே முறை. பெண்புழு முதிரும்வரை அப்பரிசோதனையிலும் தொற்று தென்படாது என்பதால், ஒருமுறை பார்த்ததோடு நின்றுவிடவும் இயலாது.

இருமலும் களைப்பும் தெரியவரும்போது தமனிகள் ஏற்கெனவே சிதைந்திருக்கும். அந்நிலையில் ஆர்செனிக் கலந்த மெலார்சோமின் ஊசி போட்டபின், செத்த புழுக்கள் நுரையீரல் தமனிகளை அடைத்துவிடாதபடி, துள்ளித் திரியும் நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் அடக்கி வைத்திருக்க நேரும்.