வாய்க்கால் கரைக்குத் தார் வேண்டாம்

லட்ச ரூபாய்க்கு ஒரு சைக்கிள்! மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, மிதித்தால்தான் நகரும். 'கிராவல் பைக்' என்று பெயர். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் தடிமன். சரளை ரோட்டிலும் மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிறிய ஊரில் 2006-ல் ஆரம்பித்த சரளைப் பந்தயத்துக்கு இன்று பல நாடுகளிலிருந்து ஆட்கள் போகிறார்கள். காரும் லாரியும் வராத பாதையில், ஏரிக்கரை கடற்கரை என்று நாள் முழுக்க மிதிப்பதற்காக விமானம் ஏறிப் போகிறவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த லட்ச ரூபாய் சைக்கிளின் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நம்மூரில் பால்கேன் கட்டிக்கொண்டு போகும் பெரிய சைக்கிளின் டயரைக் குனிந்து பாருங்கள். 28, 1½ என்று அளவு போட்டிருக்கும். அந்த ஒன்றரை இஞ்சும் ஏறக்குறைய அதே 40 மில்லிமீட்டர்தான். ஆக, கிராவல் பைக் தாமிரபரணிக் கரைக்கு எப்போதோ வந்துவிட்டது. பேர்தான் தெரியாமல் போயிற்று.

சைக்கிள் இருக்கிறது, பாதையும் இருக்கிறது. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் 8 அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரர் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தியவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிகின்றன. அவை நிரப்பும் குளங்கள் 180-க்கு மேல். பாயும் நிலம் 86,000 ஏக்கருக்கு மேல். ஒவ்வொரு கால்வாய்க்கும் கரை உண்டு, ஒவ்வொரு குளத்துக்கும் கரை உண்டு. மடை திறக்கவும் அடைக்கவும் உடைப்பு பார்க்கவும் ஆள் நடந்து நடந்து உண்டான பாதைகள் அவை.

கால்வாய்க் கரையில் மேடு பள்ளம் அதிகம் இருக்காது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் அல்லவா? அதனால் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவில்தான் இருக்கும். கன்னடியன் கால்வாய் வெட்டிய கதையைச் சேரன்மகாதேவிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் பசு ஒன்றை நடக்கவிட்டாராம். அது நடந்த வழி கால்வாய், கோமியம் விட்ட இடம் மடை, படுத்த இடம் குளம். கதை உண்மையோ பொய்யோ, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று 30 கி.மீ.க்கு மேல் போகும் அந்தக் கரையில் மிதிப்பவருக்கு இது மாடு போட்ட வழிதான் என்று நம்பத் தோன்றும். அவ்வளவு நிதானமான இறக்கம்.

கீழே போகப் போக இன்னும் விசேஷம். ஸ்ரீவைகுண்டம் தென்கால் கடம்பாகுளத்தை நிரப்பிவிட்டுத் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குளங்கள் வரைக்கும் போகிறது. ஒரு பக்கம் நெல்லும் வாழையும், மறு பக்கம் தண்ணீர், வழி முடிந்தால் கடல். (ஆசையில் குதிரைமொழித் தேரிப் பக்கம் திருப்பிவிட வேண்டாம். அந்தச் செம்மணலில் 40 மில்லிமீட்டர் டயர் புதைந்துவிடும், தள்ளிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்!)

இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் எங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள்? மெயின் ரோட்டில்! தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்குமாக விரிந்தது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வாங்குவது சுலபமாகிக்கொண்டே வருகிறது. ஓட்டுவதுதான் வரவரக் கஷ்டம். தென்காசி ரோடு நாலுவழியானபோது மரங்களும் போயின, நிழலும் போயிற்று. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ இடத்தில் பையைச் சுமந்துகொண்டு ஒரு பதினாறு வயதுப் பெண் மிதிக்கிறாள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. இதைப் பார்க்கும் அப்பா அடுத்த வாரம் என்ன செய்வார்? சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு பஸ் பாஸ் எடுத்துக் கொடுப்பார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது நாடே பேசிய செய்தி. அந்தப் பெண்களின் பேத்திகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, பயமில்லாத வழி ஒன்று கொடுத்தால் போதும்.

அந்த வழி கரைதான். ஆனால் கரை பற்றிப் பேச்செடுத்தாலே 'தார் போடுங்கள்' என்பதுதான் முதல் கோரிக்கையாக வருகிறது. தேர்தல் வாக்குறுதியும் அதுதான். தார் போட்ட கரை என்னவாகும்? முதல் வருடம் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் வருடம் 'இப்படிப் போனால் நாலு கிலோமீட்டர் மிச்சம்' என்று வெளியூர்க் கார்கள் கண்டுபிடித்துவிடும். மூன்றாம் வருடம் டிப்பர் லாரி. அதற்குப் பிறகு அங்கே சைக்கிளுக்கு என்ன வேலை? டவுனில் நயினார்குளத்தைப் பாருங்கள். குளக்கரை ரோட்டில் காய்கறி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே குளம் இருப்பதே பலருக்கு நினைவில்லை.

மறுப்பு வரும். வரத்தான் வேண்டும். 'நீ ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போவதற்காக எங்கள் ஊர் சேற்றில் கிடக்க வேண்டுமா? பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்? நெல் மூட்டையை யார் தலையில் சுமப்பது?' இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கரையைத் தவிர வேறு வழியே இல்லாத குடியிருப்புக்குத் தார் ரோடு போடுவதை எதிர்ப்பவன் சைக்கிளிலிருந்து இறங்கி ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பார்க்கட்டும். ஆனால் ஊருக்கு ஏற்கெனவே நல்ல ரோடு இருந்தும் வயலுக்கு நடுவே போகும் கரைகள் எத்தனையோ. அவற்றைச் சரளை போட்டு இறுக்கினால் டிராக்டருக்கும் போதும், சைக்கிளுக்கும் போதும். இரண்டு முனையிலும் கல்தூண் நட்டு, டிராக்டர் போக ஒரு பூட்டுக் கம்பி வைத்து, சாவியைப் பாசன விவசாயிகள் சங்கத்திடம் கொடுத்துவிடலாம். தூண்களுக்கு இடையே மூன்றடி விட்டால் கார் நுழையாது. பைக் நுழையும்தான். அதை எந்தத் தூணாலும் தடுக்க முடியாது, ஊர்க்காரர்களின் பைக்கைத் தடுக்கவும் கூடாது.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லேண்ட் வரை செசபீக்-ஒகையோ கால்வாய் என்று ஒன்று, நீளம் ஏறக்குறைய 297 கி.மீ. கோவேறு கழுதைகள் படகு இழுத்துச் சென்ற கரை. 1924-ல் படகுப் போக்குவரத்து நின்றது. பிறகு அந்த வழியில் கார்களுக்கு ரோடு போடத் திட்டம் வந்தது, பத்திரிகையும் ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954-ல் பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கரை முழுவதையும் நடந்தே காட்டினார். ரோடு வரவில்லை. 1971-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. இன்று அந்த மண்கரையில் சைக்கிள்கள் போகின்றன. அங்கே கால்வாய் செத்துப்போன பிறகுதான் கரையைக் காப்பாற்றினார்கள். இங்கே கன்னடியனிலும் மருதூர் மேலக்காலிலும் தண்ணீர் ஓடுகிறது, நெல் விளைகிறது.

கரையில் ஆள் நடமாட்டம் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிப் பாசனத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. அந்த மழையை எந்தக் கரையும் தாங்கியிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் சாதாரண வருடங்களில் எலி வளை, நீர்க்கசிவு, இரவோடு இரவாக மண் வெட்டிய இடம், புதிதாக முளைத்த ஆக்கிரமிப்பு வேலி எல்லாம் தினம் அந்த வழியே போகிறவர் கண்ணில்தான் முதலில் படும். கார் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. குளங்களை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007-ல் சட்டமே போட்டார்கள். ஆனால் உடைமரக் காட்டுக்குள் இருக்கும் கரையில் எந்த அதிகாரி போய் அளப்பது?

குறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கரையும் இன்றைக்கே ஓட்டும் நிலையில் இல்லை. பாளையங்கால்வாய் மேலப்பாளையத்துக்குள் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு குப்பை. ஊரை ஒட்டிய கரைகளில் காலை ஆறு மணிக்கு எதைப் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கும் என்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். சில இடங்களில் கரை திடீரென்று மறுகாலில் அறுந்து நிற்கும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் தை, மாசியில் போவது நல்லது. ஐப்பசி கார்த்திகையில் சேறு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று மேற்கே ஒரு கிலோமீட்டர்கூட ஒழுங்காக மிதிக்க விடாது. தை மாதம் பிசானப் பயிர் பச்சையாக நிற்கும், குளங்களில் தண்ணீரும் பறவையும் இருக்கும். ஏட்ரீ அமைப்பினர் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துவதும் அந்தச் சமயத்தில்தான். கூந்தன்குளம் போனால் மணி அடிக்காமல் போகவும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காதவர்கள். கையில் ஒரு உபரி டியூப், ஒரு பம்பு கட்டாயம். உடைமுள்ளுக்கு லட்ச ரூபாய் டயரும் ஒன்றுதான், பால்காரர் டயரும் ஒன்றுதான்.