அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு



காரமடையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. கோவைக்குப் பஸ் ஏறினால் வழியெல்லாம் கருத்தரிப்பு மையங்களின் போர்டுகள்தான் கண்ணில் படுகின்றனவாம். "டெஸ்ட் டியூப் முறையில பொறந்தா நம்ம கோயில்ல ஞானஸ்நானம் குடுப்பாங்களாங்க?" என்று கேட்கிறார்.

கொடுப்பார்கள், அம்மா. சந்தேகமே வேண்டாம்.

அந்தச் சிகிச்சையைத் திருச்சபை ஏற்கவில்லை என்பது உண்மை. கணவன் மனைவி உறவில் உருவாக வேண்டிய உயிர் ஆய்வகத்தில் உருவாகிறது, மிஞ்சும் கருக்கள் உறையவைக்கப்படுகின்றன அல்லது அழிக்கப்படுகின்றன என்று 1987-ல் வத்திக்கான் வெளியிட்ட 'தோனும் வீத்தே' ஆவணம் காரணம் சொல்கிறது. இரண்டாவது காரணத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஆனால் எந்த வழியில் பிறந்தாலும் குழந்தையை இறைவனின் கொடையாக ஏற்று வளர்க்க வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, வெனிஸ் கர்தினால் அல்பினோ லூசியானி குழந்தையை வாழ்த்தினார். அதன் பெற்றோரைக் கண்டிக்கத் தமக்கு உரிமையில்லை என்றார். அடுத்த மாதமே அவர் திருத்தந்தை முதலாம் ஜான் பால் ஆனார்.

திருச்சபை வேண்டாம் என்று சொல்வது ஊருக்கெல்லாம் தெரிகிறது. சரி என்று சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அடைத்த கருக்குழாய்க்கு ஆபரேஷன், முட்டை முதிர மருந்து, கணவருக்கு வெரிகோசீல் சிகிச்சை என எதற்கும் தடையில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது என்கிறது மருத்துவம். நம் பக்கத்திலோ மருமகளுக்கு ஸ்கேன், லேப்ராஸ்கோப்பி எல்லாம் முடிந்த பிறகும் மகனுக்கு விந்துப் பரிசோதனை நடந்திருக்காது. சுய இன்பத்தின் மூலம் மாதிரி எடுப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதால் தயங்குகிற கணவர்களும் உண்டு. தாம்பத்திய உறவின்போதே, விந்தணுவைக் கொல்லாத, சிறு துளையிட்ட உறையில் மாதிரி எடுக்கும் வழியைக் கத்தோலிக்க மருத்துவர்கள் கையாள்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பங்குத்தந்தையரும் திருமணத் தயாரிப்பு வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடலாம். அங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இதைப் படிக்கிற மாமியார்மாருக்கு ஒரு வேண்டுகோள். மருமகளை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், மகனை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்