ஒரு கையெழுத்தில் காப்பாற்றப்பட்ட ஓக் மலை: இன்னொரு கையெழுத்தில் பறிபோகுமா?

அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியாவில் இருக்கிறது மோலோக் லுயுக். பாட்வின் பூர்வகுடி மொழியில் இதற்கு 'காண்டோர் கழுகு மலைமுகடு' என்று அர்த்தம். 2024 மே 2-ம் தேதி, அப்போதைய அதிபர் ஜோ பைடன் இங்குள்ள 13,696 ஏக்கரை பெர்ரியெஸா ஸ்னோ மவுன்டன் தேசிய நினைவுச்சின்னத்தோடு சேர்த்தார்.

அப்படி என்ன இருக்கு அங்கே?

கரடுமுரடான சரிவுகள், ஓக் மரங்கள், மெக்நாப் சைப்ரஸ் காடுகள். சர்ப்பென்டைன் பாறையிலிருந்து உருவான சத்தில்லாத மண் என்பதால், வேறு இடங்களில் பார்க்க முடியாத அரிய செடிகள் இங்கே வளர்கின்றன. காற்றும் பலமாக வீசும். அதனால்தான் காற்றாலை நிறுவனங்களுக்கும் இதன் மேல் ஒரு கண்.

நினைவுச்சின்னம்னா சிலையா?

இல்லை. அது ஒரு சட்டப் பெயர், அவ்வளவுதான். 1906-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, அரசு நிலத்தை அதிபரே இப்படி அறிவிக்கலாம். நாடாளுமன்ற ஓட்டு தேவையில்லை. புதிதாகச் சுரங்க உரிமை கேட்க முடியாது. ஆனால் அனுமதித்த பாதைகளில் வண்டி ஓட்டலாம்.

'வில்டர்னஸ்' என்றால்?

இது இன்னும் கறாரானது. 1964-ம் ஆண்டு சட்டப்படி நாடாளுமன்றம் மட்டுமே அறிவிக்க முடியும். புதிய சாலை போட முடியாது, பொதுமக்கள் மோட்டார் வண்டி ஓட்ட முடியாது, சைக்கிளுக்குக்கூட தடை. இதே வட்டாரத்தில் கேஷ் க்ரீக் ஓக் காடுகள் 2006-லேயே இந்த அந்தஸ்தைப் பெற்றுவிட்டன.

சரி, இதுல என்ன சிக்கல்?

அதிபர் கொடுத்ததை அடுத்த அதிபர் எடுக்கலாமா என்பதுதான். 2017-ல் யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் நினைவுச்சின்னத்தின் பரப்பை டிரம்ப் சுமார் 85% வெட்டினார். 2021-ல் பைடன் அதைத் திருப்பிக் கொடுத்தார். 2025-ல், முந்தைய அதிபர்களின் அறிவிப்பை ரத்தே செய்யலாம் என்று அமெரிக்க நீதித் துறை அமைச்சகம் சட்டக் கருத்து வெளியிட்டது. நீதிமன்றங்கள் இதில் இன்னும் இறுதித் தீர்ப்பு சொல்லவில்லை.

அப்போ மோலோக் லுயுக் நிலைமை?

இப்போது அதற்கு இருப்பது அதிபரின் அறிவிப்பு மட்டும்தான். நாடாளுமன்றமே சட்டம் போட்டு 'வில்டர்னஸ்' ஆக்கினால், அதை மாற்ற இன்னொரு சட்டம்தான் வர வேண்டும். ஒரு நாள் கையெழுத்தில் அது நடக்காது. ஓக் மரம் நின்று வளர நூறு வருஷம் வேணும். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருது!