தம்பியின் வரிப்படிவத்தில் அம்மாவின் பெயர்



இம்மாதம் வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்கே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்குகிறேன். வழமையாக நாம் இங்கு பேசுவது பிரதேச செயலகம், காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போன்றவை. இந்தக் கடிதம் கேட்பதோ அமெரிக்காவின் வருமான வரியைப் பற்றி. எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் எமது நிலையில், அங்கே நிரப்பப்படும் படிவத்தில் இங்குள்ளவரின் பெயரும் வந்துவிடுகிறது.

சகோதரியின் கணவர் 2009 இல் காணாமற்போனவர். பிள்ளைகள் இருவர். தம்பி அமெரிக்கப் பிரஜை. அவர் 2022 இல் அம்மாவை நிரந்தர வதிவிட உரிமையுடன் தன்னிடம் எடுப்பித்திருக்கிறார். அம்மாவுக்கு இப்போது 61 வயது. அங்கே ஒரு கடைச் சமையலறையில் வேலை செய்து வருடம் 12,000 டொலர் வரை உழைத்திருக்கிறார். தன் பெயரிலேயே அரச சலுகையுடன் காப்புறுதி அட்டையும் வைத்திருந்தார். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் கூடியதால் 2025 இறுதியில் வேலையை விட்டுவிட்டார்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது:

“தம்பி அம்மாவைத் தன்னில் தங்கிவாழ்பவர் என்று வரியில் போடப்போகிறானாம். நானும் பிள்ளைகளும் அவனுடைய காசில்தான் சீவிக்கிறோம் என்று எனக்கும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்கிறான். நான் தையல் தைத்துத்தான் பிள்ளைகளைப் பார்க்கிறேன், அவன் அனுப்புவது உதவி. அம்மா போனில் அழுகிறா. பெயர் தம்பியோடு போனால் தன்ரை அட்டை வெட்டுப்படும், இன்சுலினுக்கு என்ன செய்வேன் என்கிறா. அக்கா, நான் கையெழுத்து வைக்கலாமா? அம்மாவின் மருந்துக்கு என்ன நடக்கும்?”

முதலில் சகோதரியின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். அமெரிக்க வரிச் சட்டப்படி தங்கிவாழ்பவராகக் காட்டப்படுபவர் அந்நாட்டுப் பிரஜையாகவோ அங்கு வதிபவராகவோ இருக்க வேண்டும். கனடாவிலும் மெக்சிக்கோவிலும் வதிபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதாவது ரொறன்ரோவில் இருக்கும் தாயை அமெரிக்காவிலுள்ள மகன் காட்டலாம், வவுனியாவில் இருக்கும் அக்காவைக் காட்ட முடியாது. எவ்வளவு பணம் அனுப்பினாலும் முடியாது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், அயல்நாட்டுக்கு ஒரு நியாயம் எமக்கு ஒரு நியாயமா என்றுதான் நானும் கேட்பேன். ஆனால் சட்டம் அதுதான். தம்பி ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை, படிவம் நிரப்பிக் கொடுப்பவர் பிழையாகச் சொல்லியிருக்கலாம். பிழையாகக் காட்டினால் குறைத்துக் கட்டிய வரியை வட்டியுடன் கட்ட வேண்டும், அதற்கு மேல் 20 சதவீதத் தண்டமும் வரக்கூடும். உங்கள் கடிதம் தம்பியைக் காப்பாற்றாது.

தம்பி அனுப்பும் பணத்தால் அவருக்கு அங்கே வரிக் குறைப்பு இல்லை என்பதுபோல, கரைச்சலும் பெரிதாக இல்லை. ஒருவருக்கு வருடத்தில் 19,000 டொலர் வரை (2025 இன் அளவு) கொடுப்பதை அன்பளிப்பு வரிக்கென்று அறிவிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலிருந்து காசாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த வரி இல்லை.

இனி அம்மாவின் விடயம். இதைச் சொல்லும்போது எனக்கு நிவாரண அட்டைதான் நினைவுக்கு வருகிறது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்த காலத்தில், என் சின்னம்மாவின் பெயரைத் தாத்தாவின் அட்டையில் பதிந்துவிட்டார்கள். அட்டையில் எத்தனை பேர், அந்த அட்டைக்காரருக்கு என்ன வருமானம் என்றுதான் பார்த்தார்கள். சின்னம்மாவின் கையில் சதமும் இல்லை என்பதை எவரும் பார்க்கவில்லை. தாத்தா ஓய்வூதியக்காரர் என்பதால் சின்னம்மாவின் மாவும் சீனியும் நின்றுபோயின. அமெரிக்கக் காப்புறுதிச் சலுகையும் இப்படித்தான் வேலை செய்கிறது. யாருடைய வரிப்படிவத்தில் பெயர் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் தலைகளை எண்ணுவார்கள், அந்தக் குடும்பத்தின் வருமானத்தைப் பார்ப்பார்கள்.

அம்மாவைத் தம்பி காட்டலாமா? தாய் என்ற உறவு இருப்பதால் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு கணக்குகள்தான் முக்கியம். அம்மாவின் சொந்த வருமானம் அந்த வருடத்துக்குரிய எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். 2025 க்கு அது 5,200 டொலர். எனவே 12,000 உழைத்த 2025 க்கு அம்மாவைக் காட்ட முடியாது. வருமானம் இல்லாத 2026 க்குக் காட்டலாம், அந்தப் படிவம் 2027 ஏப்ரலில்தான் போகும். அடுத்தது, அம்மாவின் வருடச் செலவில் பாதிக்கு மேல் தம்பி கொடுத்திருக்க வேண்டும். சாப்பாடு, உடுப்பு, மருந்து மட்டுமல்ல, அம்மா படுக்கும் அறையை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வருமோ அதுவும் செலவாக எண்ணப்படும். பிள்ளைகள் இருவர் மூவர் சேர்ந்து கொடுப்பதால் ஒருவரும் தனியே பாதியைத் தாண்டாத வீடுகளும் உண்டு. அப்போது 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்த ஒருவர், அதே அளவு கொடுத்த மற்றவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு காட்டலாம். 2120 என்ற இலக்கப் படிவம் அதற்குரியது. அண்ணன் தம்பிக்குள் வருடம் மாறி மாறியும் செய்யலாம்.

இதில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் விட முடியாது. அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறா, சமைக்கிறா. தம்பியும் மனைவியும் நிம்மதியாக வேலைக்குப் போவது அதனால்தான். அந்த உழைப்பை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கோடும் இல்லை. ‘தங்கிவாழ்பவர்’ என்ற சொல்லைக் கேட்டு அம்மா மனம் நொந்திருந்தால் அது வரிக்காரரின் சொல், மகனின் சொல் அல்ல என்று சொல்லுங்கள்.

அம்மாவைக் காட்டுவதால் தம்பிக்கு வரியில் கிடைப்பது வருடத்துக்கு அதிகபட்சம் 500 டொலர்க் கழிவு மட்டும். பெயரைப் போட்டவுடன் தம்பியின் வேலைத்தலக் காப்புறுதியில் அம்மா சேர்ந்துவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அநேகமான வேலைத்தலக் காப்புறுதிகள் கணவன் மனைவியையும் 26 வயது வரையான பிள்ளைகளையும்தான் சேர்க்கின்றன. பெற்றோரைச் சேர்ப்பது அரிது.

அம்மாவின் அட்டைக்கு வருவோம். அது 2010 ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தின் கீழ் காப்புறுதிச் சந்தையில் வாங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்குப் பொதுவாக அங்கே சலுகை இல்லை, அவர்கள் மெடிகெய்ட் என்ற அரச உதவிக்குப் போக வேண்டும். ஆனால் வதிவிட உரிமை பெற்று வருபவர்களில் அநேகர் ஐந்து வருடம் கழியும் வரை மெடிகெய்ட் பெற முடியாது. இது 1996 முதல் உள்ள விதி. இவர்கள் இரண்டுக்கும் நடுவில் விழாதபடி, வருமானம் குறைவாக இருந்தாலும் சந்தையில் சலுகை கொடுத்தார்கள். அம்மாவுக்கு அட்டை கிடைத்தது அந்த வழியால்தான். 2025 இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த வழியை 2026 ஜனவரியிலிருந்து மூடிவிட்டது.

ஆகவே சகோதரி, அம்மாவின் அட்டையைத் தம்பி வெட்டவில்லை. பெயரைப் போடாமல் விட்டாலும் பழைய சலுகை அம்மாவுக்கு இல்லை. அதோடு, இன்னொருவர் தங்கிவாழ்பவராகக் காட்டக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவர் அந்தச் சலுகையைத் தன் பெயரில் கோரவும் முடியாது. இதைத் தயவுசெய்து அம்மாவுக்கு இன்றே சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இந்த மனத்தாங்கல் வளர வேண்டியதில்லை.

இனி நல்ல செய்தி. தம்பி அம்மாவைக் காட்டினால், தம்பியின் குடும்ப வருமானத்தை வைத்து அம்மாவுக்குச் சந்தையில் சலுகை கிடைக்க இடமுண்டு. தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர் என வைத்துக்கொள்வோம். 2026 காப்புறுதிக்குப் பார்க்கப்படும் வறுமைக்கோடு ஐந்து பேருக்கு 37,650 டொலர். அதன் நான்கு மடங்கான 150,600 வரை சலுகை உண்டு. 2021 முதல் இந்த உச்ச எல்லை தளர்த்தப்பட்டிருந்தது, அந்தத் தளர்வு 2025 டிசெம்பருடன் முடிந்தது. குடும்ப வருமானம் 90,000 என்றால் அதில் ஏறக்குறைய 8 சதவீதத்தை, அதாவது மாதம் 600 டொலர் அளவில் தம்பி கட்ட வேண்டிவரும். 61 வயதுக்காரரின் காப்புறுதிக் கட்டணம் அதற்கு மேல் போகும்போது மிகுதிக்குத்தான் சலுகை. அம்மா முன்பு கட்டியதோடு பார்த்தால் இது பெரிய தொகை. தம்பி தயங்கினால் அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 500 டொலர்க் கழிவை விட இதுதான் அவர் யோசிக்க வேண்டிய கணக்கு. சில மாநிலங்கள் தமது சொந்தப் பணத்திலும் உதவுகின்றன, எனவே தம் மாநிலத்தில் என்ன உண்டு என்று அவர் கேட்டுப் பார்க்கட்டும்.

அம்மா வேலையை விட்டதைச் சந்தைக்கு அறிவித்தார்களா என்று கடிதத்தில் இல்லை. அறிவிக்காவிட்டால் உடனே அறிவிக்க வேண்டும். பழைய விபரப்படி சலுகைப் பணம் போய்க்கொண்டிருந்தால், வருட முடிவில் அதைத் திருப்பிக் கேட்பார்கள். முன்பு வருமானம் குறைந்தவர்களிடம் ஓரளவுக்கு மேல் கேட்கமாட்டார்கள். 2026 இலிருந்து முழுவதையும் கேட்கலாம். புதிய விண்ணப்பத்தைத் தம்பியின் பெயரில் போட்டு, ஐந்து பேரையும் எழுதி, காப்புறுதி தேவைப்படுபவர் அம்மா மட்டும் என்று காட்ட வேண்டும்.

2027 இல் அம்மாவுக்கு ஐந்து வருடம் நிறையும். அப்போது மெடிகெய்ட் கேட்டுப் பார்க்கலாம். அங்கே கணக்கு வேறு. தாயை மகன் வரியில் காட்டியிருக்கிறார் என்பதற்காக மகனின் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் அம்மாவை எடுப்பிக்கும்போது தம்பி ஆதரவு உறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டிருப்பார். அதைக் காரணமாக வைத்து அவருடைய வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்தப் பத்திரமும் வரிப்படிவமும் ஒன்றல்ல, ஒன்று மற்றதைக் கட்டாயமாக்காது. 65 வயதில் மெடிகெயர் இருக்கிறது. பத்து வருட வேலைக் கணக்கு இல்லாதவர்கள் அதற்குக் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். 2025 இல் வைத்தியசாலைப் பகுதிக்கு மாதம் 518 டொலர், வைத்தியர் பகுதிக்கு 185 டொலர்.

சகோதரி, தம்பிக்கு இப்படி எழுதுங்கள்: என்னையும் பிள்ளைகளையும் உன் படிவத்தில் போட இடமில்லையாம், அதனால் கடிதம் அனுப்பவில்லை. அம்மாவைப் போடலாம், ஆனால் 2025 க்கு அல்ல, 2026 க்கு. அதற்கு முன் அம்மாவின் காப்புறுதியை உன் குடும்பக் கணக்கில் மாற்று. நீங்கள் தைத்து உழைப்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள், அவருக்கு அது தெரிந்திருக்கட்டும்.

கிளிநொச்சியிலிருந்து காணாமற்போனோர் சான்றிதழ் பற்றிக் கேட்ட சகோதரியின் கடிதம் கிடைத்தது. பதில் அடுத்த இதழில்.