ஒரு மாதமா? ஐம்பது வருடமா?

குட்டீஸ், 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. 'ராயல் பில்ஹார்மோனிக்' என்ற புகழ்பெற்ற இசைக்குழு மேடையில் அமர்ந்து, நம் இளையராஜா எழுதிய 'வேலியண்ட்' சிம்பொனியை வாசித்தது. 'ஒரே மாதத்தில் எழுதிவிட்டார்!' என்று எல்லோரும் வியந்தார்கள். அது நிஜம்தான். ஆனால், அந்த ஒரு மாதத்துக்குப் பின்னால் எத்தனை வருடங்கள் இருந்தன தெரியுமா?

சிம்பொனி என்றால் என்ன?

சினிமாப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிம்பொனியில் பெரும்பாலும் பாட்டு வரிகளே இருக்காது. வாத்தியங்கள் மட்டும்தான் பேசும். வழக்கமாக அதில் நான்கு பகுதிகள் உண்டு. 'வேலியண்ட்'டிலும் நான்குதான்.

வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட், டிரம்பெட், முரசு என்று பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். எது, எந்த நொடியில், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் காகிதத்தில் குறித்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது வரிகள் இருந்தால், இருபதும் ஒரே சமயத்தில் ஓடும். உங்கள் வகுப்பில் இருபது பேர் ஒன்றாகப் பேசினால் காது வலிக்கும் அல்லவா? அப்படிப் பேசியும் அழகாகக் கேட்க வேண்டும் என்றால், எவ்வளவு யோசித்து எழுத வேண்டும்!

நம் கர்நாடக இசையில் பாடகர் மேடையிலேயே கற்பனை செய்து ராகத்தை விரிப்பார். சிம்பொனியில் அப்படி முடியாது. எழுதியதுதான் ஒலிக்கும். எழுத்தில் ஒரு பிழை இருந்தால், மேடையிலும் அதே பிழை கேட்கும்.

எப்படிக் கற்றார்?

இளையராஜா 1943-ல் பிறந்தவர். சொந்த ஊர், இன்றைய தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரம். சிறு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தார். அங்கே காதால் கேட்டுக் கற்றார்.

அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. 1960-களின் இறுதியில் சென்னை வந்ததும், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் தேர்வை எழுதி, கிளாசிக்கல் கிதாரில் தங்கப் பதக்கம் வாங்கினார். டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் பயின்றார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக வேலையும் பார்த்தார்.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது.

1993-ல் இதே ராயல் பில்ஹார்மோனிக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதி, லண்டனில் பதிவும் செய்தார். அது வெளியாகவே இல்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 2005-ல் திருவாசகத்தை அங்கேரி நாட்டு இசைக்குழுவோடு சேர்த்துத் தந்தார். 'வேலியண்ட்' மேடை ஏறியபோது அவருக்கு 81 வயது. இப்போது சொல்லுங்கள், ஒரு மாதமா? ஐம்பது வருடமா?

'முதல்' என்று படித்தால்...

'சிம்பொனி எழுதிய முதல் இந்தியர்' என்றும் சிலர் எழுதினார்கள். இந்த 'முதல்' என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிதார் மேதை ரவிசங்கரின் சிம்பொனி 2010-லேயே லண்டனில் அரங்கேறியது. அதில் சிதாரும் சேர்ந்து ஒலித்தது. இதனால் இளையராஜாவின் பெருமை குறையுமா? குறையவே குறையாது. பாராட்டுவதையும் சரியான தகவலோடு பாராட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தவர் யார்?

ஏற்காடு மலையில் மாரமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. காபியும் மிளகும் விளையும் மலை அது. அங்கே ஒரு பிள்ளைக்கு இசை கற்கும் ஆசை வந்தால் என்ன செய்யும்? மலையிறங்கி சேலம் வந்தால், மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் ஆகியவற்றைக் கற்கலாம். நல்ல விஷயம்தான்.

ஆனால், சிம்பொனி எழுதும் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு அன்று பண்ணைப்புரத்துப் பையன் சென்னைக்குப் போனதுபோல, இன்றும் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். மேதையைப் பாராட்டி விழா எடுப்பது சந்தோஷம். அடுத்த மேதைக்கு அருகிலேயே ஒரு தன்ராஜ் மாஸ்டர் கிடைத்தால் இன்னும் சந்தோஷம், இல்லையா?

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். இன்று உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வயலினை மட்டும், அடுத்த முறை புல்லாங்குழலை மட்டும், கடைசியில் தாளத்தை மட்டும் கவனியுங்கள். எது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். காதால் கேட்டதைக் காகிதத்தில் எழுதுவதுதான் முதல் பாடம்!